கூட்டு ரோடு எப்படிக் கடைத்தெருவாகிறது? சுத்துக்கேணி வட்டாரம் சொல்லும் பாடம்

வளைகுடாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் சகோதரர்களில் பலருக்கு முதலில் தோன்றும் எண்ணம், பக்கத்தில் ஒரு கடை போட வேண்டும் என்பதுதான். எங்கே போடலாம் என்று கேட்டால், "ரோடு பிரிகிற இடத்தில் போடு, தானாக ஓடும்" என்று யாராவது சொல்வார்கள். அட்வான்ஸ் கொடுத்து, ஷட்டர் போட்டு, சரக்கு இறக்கி, திறப்பு விழாவும் நடக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஒருவர் கடை நிற்க இடமில்லாமல் நடக்கும். இன்னொருவர் ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடியும் விசாவுக்கு அலைவார். இரண்டு பேரும் கடை போட்டது ரோடு பிரிகிற இடத்தில்தான்.

அப்படியானால் ஒரு கூட்டு ரோடு ஏன் வளர்கிறது, பக்கத்தில் உள்ள இன்னொன்று ஏன் டீக்கடையோடு நின்றுவிடுகிறது? புதுச்சேரியின் கிராமப்புறத்தில், வில்லியனூர் வட்டத்தைச் சேர்ந்த சுத்துக்கேணியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் வைத்து இதைப் பார்ப்போம்.

தண்ணீரும் வழியும்

இந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சுத்துக்கேணி என்ற பெயரில் கேணி இருக்கிறது. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுபோகும் வாய்க்காலுக்கும் சுத்துக்கேணி வாய்க்கால் என்றுதான் பெயர். பத்துக்கண்ணு என்பது மதகின் கண்களைச் சொல்லும் பெயர். மதகடிப்பட்டு என்ற பெயரிலும் மதகு இருக்கிறது. காட்டேரிக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்குச் சந்தைப்புதுக்குப்பம் என்று பெயர். கேணி, மதகு, சந்தை ஆகிய மூன்று சொற்களும் சில மைல்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

வண்டியும் மாடும் போன காலத்தில் வழிப்போக்கர் நின்ற இடம் தண்ணீர் இருந்த இடம்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அவிழ்த்துவிட்டால் அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணி நேரத்தில்தான் பேச்சு, பண்டமாற்று, விலை விசாரிப்பு எல்லாம் நடக்கும்.

இஸ்லாமிய வரலாறு அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. விளைச்சல் இல்லாத பள்ளத்தாக்கான மக்கா, ஸம்ஸம் தண்ணீரைச் சுற்றிக் குடியேற்றமானது. யமனுக்கும் ஷாமுக்கும் இடையே சென்ற வணிகக் கூட்டங்களின் பாதையில் பெரிய வியாபார ஊராகவும் ஆனது. குளிர்காலம் ஒன்று, கோடைகாலம் ஒன்று என்று குறைஷிகள் மேற்கொண்ட இரண்டு பயணங்களைத் திருக்குர்ஆனின் 106ஆம் அத்தியாயம் குறிப்பிடுகிறது. ஊர் சிறிதோ பெரிதோ, கணக்கு ஒன்றுதான். மனிதர்கள் நிற்க ஒரு காரணம் வேண்டும். பல திசையிலிருந்தும் அவர்கள் வந்து சேர வழி வேண்டும்.

காத்திருப்பவர்தான் முதல் வாடிக்கையாளர்

இன்றைக்குக் கேணியின் இடத்தைப் பேருந்து நிறுத்தம் எடுத்துக்கொண்டது. வாகனங்கள் அதிகம் போகும் சாலை என்றால் வியாபாரம் அதிகம் நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். வேகமாகக் கடந்துபோகும் ஆயிரம் வண்டிகளைவிட, பஸ்ஸுக்காக இருபது நிமிடம் நிற்கும் ஐம்பது பேர்தான் கடைக்காரருக்கு முக்கியம். கிளைச் சாலையிலிருந்து வருபவர் இறங்கி அடுத்த பஸ் பிடிக்கும் இடம், ஷேர் ஆட்டோ நிற்கும் இடம், கம்பெனி வேன் ஆள் ஏற்றும் இடம் ஆகியவைதான் காத்திருப்பு உள்ள சந்திப்புகள். பஸ் நிற்காமல் திரும்பிப் போகும் சந்திப்பு, வரைபடத்தில் மட்டும்தான் சந்திப்பு.

சாலையின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. எனவே புதுச்சேரியை நோக்கிப் போகும் பஸ் ஒரு பக்கத்திலும், அங்கிருந்து திரும்பும் பஸ் எதிர்ப்பக்கத்திலும் நிற்கும். காலையில் நகரத்துக்குப் போகும் பக்கத்தில் கூட்டம் இருக்கும். அங்கே ஓடுவது டீ, இட்லி, பேப்பர். அவர்கள் கையில் பையை ஏற்றிக்கொண்டு போக விரும்ப மாட்டார்கள். மாலையில் எதிர்ப்பக்கத்தில் இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள். காய்கறி, கறி, பிள்ளைகளுக்குத் தின்பண்டம், மருந்து, பூ எல்லாம் அங்கேதான் விற்கும். கறிக்கடையைக் காலைப் பக்கத்திலும் டிபன் கடையை மாலைப் பக்கத்திலும் வைத்துவிட்டு, "ராசி இல்லை" என்று சொல்வதில் பொருள் இல்லை.

எந்தக் கடை எப்போது வரும்?

கூட்டு ரோட்டில் கடைகள் ஒரு வரிசைப்படிதான் வருகின்றன. முதலில் டீக்கடை, பெட்டிக்கடை. அடுத்து பஞ்சர் கடை, முடிதிருத்தும் கடை, மாவு மில். பிறகு மளிகை, கோழிக்கறி, உரம் பூச்சிமருந்துக் கடை, செல்போன் கடை. அதற்குப் பிறகு மருந்துக் கடை, தையல் கடை, சிமெண்ட் கம்பி விற்கும் ஹார்டுவேர். கடைசியில் வங்கி, நகைக்கடை, கல்யாண மண்டபம்.

இந்த வரிசைக்குக் காரணம் ஒரு எளிய கணக்கு. மருந்துக் கடைக்கு ஒரு குடும்பம் மாதம் இரண்டு முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடை நடக்க ஒரு நாளைக்கு 60 பேர் வர வேண்டும் என்றால், சுற்றுவட்டாரத்தில் 900 குடும்பங்களாவது அந்தக் கடையை நம்பி இருக்க வேண்டும். நகைக்கடைக்கு ஒரு குடும்பம் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். ஒரு நாளைக்கு 10 பேர் வேண்டும் என்றாலே 3,650 குடும்பங்கள் வேண்டும். டீக்கடைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. வழக்கமாக நிற்கும் நூறு பேரே தினமும் குடிப்பார்கள்.

ஜெர்மனியைச் சேர்ந்த வால்டர் கிறிஸ்டாலர் என்ற புவியியல் அறிஞர், தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து 1933இல் இதையே ஒரு கோட்பாடாக எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும், அது விற்பனையாக வேண்டிய குறைந்தபட்சக் கூட்டம் ஒன்று உண்டு. அதை வாங்க மக்கள் பயணம் செய்யத் தயாராக இருக்கும் அதிகபட்சத் தூரமும் ஒன்று உண்டு. உப்புக்கு யாரும் பத்து கிலோமீட்டர் போவதில்லை. கல்யாணப் புடவைக்கு ஐம்பது கிலோமீட்டரும் போவார்கள்.

அதனால்தான் ஒரு வட்டாரத்தில் எல்லாச் சந்திப்பும் ஒரே அளவு வளர முடியாது. சுத்துக்கேணி மக்களுக்கு அன்றாடப் பொருள் பக்கத்திலேயே கிடைத்தால் போதும். அதைவிடப் பெரிய தேவைக்கு ஒரு பக்கம் திருக்கனூர், இன்னொரு பக்கம் வில்லியனூர் இருக்கின்றன. அதற்கும் மேலான தேவைக்குப் புதுச்சேரி நகரம் இருக்கிறது. வில்லியனூரில் கிடைப்பதையே சிறிய அளவில் கிராமச் சந்திப்பில் வைத்தால், போட்டி வில்லியனூரோடுதான். அங்கே போகிற பஸ் வாசலிலேயே நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

சந்தை நாள் உருவாக்கும் ஊர்

விழுப்புரம் நெடுஞ்சாலையில் உள்ள மதகடிப்பட்டு இந்த வட்டாரத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மாட்டுச் சந்தைக்குப் புதுச்சேரியிலிருந்து மட்டுமல்லாமல் தமிழகத்தின் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் விவசாயிகளும் வியாபாரிகளும் வருகிறார்கள். மாட்டோடு காய்கறி, கருவாடு, கயிறு, மண்வெட்டி, துணி எல்லாம் வரும்.

வாரம் ஒரு நாள் சந்தை என்பது ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஒரு கயிறு வியாபாரிக்குத் தினமும் கடை திறக்கும் அளவு எந்தக் கிராமத்திலும் கூட்டம் இல்லை. ஆனால் திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர், புதன் ஓர் ஊர் என்று சுற்றினால், ஏழு ஊர்க் கூட்டமும் அவருக்குச் சேர்ந்து ஒரு நிலையான கடையாகிவிடும். ஊரார் வியாபாரியைத் தேடிப் போகாமல், வியாபாரி ஊரைத் தேடி வருகிறார். கூட்டம் பெருகப் பெருக, சிலர் சுற்றுவதை நிறுத்திவிட்டு அங்கேயே வாடகைக்கு இடம் பிடிக்கிறார்கள். சந்தை ஊர் கடைத்தெருவாவது இப்படித்தான்.

அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஸ்கின்னர், சீனத்தின் சிச்சுவான் பகுதிச் சந்தைகளைப் பற்றி 1964-65இல் எழுதிய கட்டுரைகளில் இன்னொரு விஷயத்தைச் சொன்னார். ஒரு சிறு சந்தையைச் சராசரியாக 18 கிராமங்கள் நம்பியிருந்தன. விவசாயியின் உண்மையான உலகம் அவருடைய கிராமம் அல்ல, அந்தச் சந்தை வட்டம்தான். கடன், வேலையாள், வைத்தியர், தரகர், ஏன், பெண் கொடுத்து எடுப்பதுகூட அந்த வட்டத்துக்குள்தான் நடந்தது. நம் குடும்பங்களில் எத்தனை சம்பந்தங்கள் கடைவாசலில் பேசி முடிந்தவை என்று எண்ணிப் பார்த்தால் இது புரியும்.

சந்தையின் உயிர் நம்பிக்கையில் இருக்கிறது. மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டு விலை பேசும் பழக்கம் நாம் அறிந்ததே. வெளியாளுக்கு விலை தெரியாது; ஆனால் பேசிய இருவருக்குள் வார்த்தை மாறாது. ஒரு ஊர்ச் சந்தையில் எடை குறைகிறது, பல்லைப் பார்த்து வயதை மாற்றிச் சொல்கிறார்கள் என்று பேர் கெட்டுவிட்டால், அடுத்த வாரம் கூட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். அளவையில் குறைப்பவர்களைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே இருப்பது நமக்குத் தெரியும். அது மறுமைக்கான எச்சரிக்கை. இம்மையிலும் ஒரு சந்தை நிற்பதும் விழுவதும் அதில்தான்.

எல்லை தரும் லாபம்

புதுச்சேரி ஒரே துண்டான நிலப்பரப்பு அல்ல. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்து எல்லைகள் அப்படியே நிற்பதால், ஒரு கொம்யூனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தமிழக ஊர் குறுக்கே வரும். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறும்வரை இந்த எல்லைகளில் சுங்கச் சோதனை இருந்தது. அதற்குப் பிறகும் வரி வேறுபாடு நீடித்தது. ஒரு பொருள் இந்தப் பக்கம் மலிவு, அந்தப் பக்கம் கூடுதல் என்றால், எல்லைச் சந்திப்பில் கூட்டம் சேரும்.

2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்ததும் பெரும்பாலான பொருட்களுக்கு இந்த வேறுபாடு போய்விட்டது. பெட்ரோல், டீசல், மது போன்ற சில பொருட்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. அதனால் எல்லையோரச் சந்திப்புகளில் பங்க்குகளும் மதுக்கடைகளும் நிறைந்திருக்கின்றன. வரி வேறுபாட்டை மட்டும் நம்பி வைத்த மற்ற கடைகளுக்கு அடித்தளம் போய்விட்டது.

வியாபாரிகளுக்குப் பயன்படும் இன்னொரு தகவல். பொருள் விற்பவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 2019 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் 40 லட்ச ரூபாய். புதுச்சேரியிலோ அது 20 லட்ச ரூபாயாகவே வைக்கப்பட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள அண்ணனின் கடைக்குப் பதிவு தேவையில்லை என்பதற்காக, இந்தப் பக்கம் உள்ள தம்பியின் கடைக்கும் தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

மதுக்கடை ஒரு சந்திப்பை வளர்க்கிறதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரவில் கூட்டம் சேருகிறது, உண்மைதான். ஆனால் மாலையில் வேலை முடிந்து இறங்கும் பெண்கள் அங்கே நிற்கத் தயங்கினால், காய்கறிக் கடைக்கும் துணிக்கடைக்கும் மருந்துக் கடைக்கும் வர வேண்டிய வாடிக்கை போய்விடுகிறது. வீட்டுச் செலவில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவர்கள் பெண்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவு பின்னர் பலவாறு தளர்த்தப்பட்டது. ஆனாலும் அது எழுப்பிய கேள்வி இன்னும் இருக்கிறது: சந்திப்பு யாருக்காக?

ஆலை மூடினால் கடைத்தெரு என்னவாகும்?

சம்பள நாள் கடைத்தெருவின் பெருநாள். திருபுவனை, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான் சுற்றுவட்டாரச் சந்திப்புகள் பலவற்றுக்கு மாதாந்திர உயிர். சுத்துக்கேணிக்குப் பக்கத்தில் லிங்காரெட்டிப்பாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை நடந்த காலத்தில் கரும்பு வண்டி வரிசையில் நிற்கும். ஓட்டுநரும் விவசாயியும் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். நாம் முன்பு சொன்ன காத்திருப்புக் கணக்கு அங்கேயும் பொருந்தும். ஆலை பல ஆண்டுகளாக இயங்காமல் கிடக்கும்போது, கரும்பு விவசாயி மட்டும் பாதிக்கப்படுவதில்லை. அவருக்குக் கடனில் உரம் கொடுத்த கடைக்காரர், டீக்கடைக்காரர், டிராக்டர் டயர் விற்றவர் எல்லோருக்கும் அது இழப்பு. ஒரே ஆலையை நம்பி நிற்கும் சந்திப்பு ஒற்றைக்காலில் நிற்கிறது.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு இலங்கையில் இருக்கிறது. தம்புள்ளை, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் சாலையும் குருநாகலிலிருந்து திருகோணமலை போகும் சாலையும் சந்திக்கும் ஊர். சுற்றிலும் காய்கறி விளையும் பூமி. 1999இல் அங்கே அரசு ஒரு பொருளாதார மையத்தை அமைத்தது. லாரி நிற்க இடம், மொத்த வியாபாரிக்குக் கடை ஆகியவை ஒரே இடத்தில் கிடைத்தன. இன்று அது அந்த நாட்டின் முக்கியமான காய்கறி மொத்தச் சந்தைகளில் ஒன்று. சந்திப்பு இயற்கையாக அமைந்தது. அதைச் சந்தையாக உயர்த்தியது, வண்டி நிறுத்த இடமும் திட்டமும்தான்.

நம் கிராமச் சந்திப்புகளில் அந்தத் திட்டம் யார் கையில்? கழிவுநீர் வாய்க்கால், தெருவிளக்கு, கழிப்பறை, கடை உரிமம் எல்லாம் கொம்யூன் பஞ்சாயத்தின் பொறுப்பு. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின், ஆண்டுக்கணக்கில் அதிகாரிகள் நிர்வாகமே நடந்தது. மழை பெய்தால் கடைவாசலில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல ஒரு வார்டு உறுப்பினர் இல்லாத நிலை, வியாபாரத்தையும் பாதிக்கும்.

சாலை அகலமானால்?

வளர்ந்த சந்திப்புக்கு வரும் பெரிய ஆபத்து, அதன் வளர்ச்சியிலிருந்தே வருகிறது. நெரிசல் கூடியதும் சாலையை அகலப்படுத்துவார்கள், மேம்பாலம் கட்டுவார்கள், அல்லது புறவழிச்சாலை போடுவார்கள். விபத்து குறையும், அது நல்லதுதான். ஆனால் பஸ் மேம்பாலத்தின் மேலே போய்விட்டால், கீழே காத்திருப்பும் போய்விடும். விழுப்புரம்-புதுச்சேரி-நாகப்பட்டினம் நான்குவழிச்சாலைப் பாதையில் உள்ள ஊர்க்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

இங்கே சட்டம் தரும் பாதுகாப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், நில உரிமையாளரை மட்டும் பாதிக்கப்பட்டவராகக் கருதவில்லை. அந்த இடத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தொழில் செய்து பிழைக்கும் வாடகைதாரர் போன்றோரும் அதில் வருகிறார்கள். சிறு வியாபாரிக்கு ஒருமுறை உதவியாகக் குறைந்தது 25,000 ரூபாய் என்றும் அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்படும் நிலத்துக்கும் 2015 முதல் இந்த இழப்பீட்டு விதிகள் பொருந்தும். ஆனால் மூன்று ஆண்டு கடை நடத்தியதற்கு ஆதாரம் வேண்டும். வாய்வார்த்தை வாடகை, சீட்டில்லாத அட்வான்ஸ் என்று இருப்பவர்கள் எதைக் காட்டுவார்கள்? புறம்போக்கில் கடை வைத்திருப்பவர் நிலை இன்னும் மோசம்.

கடை போடுமுன் பார்க்க வேண்டியவை

ஒரு வாரம் அந்தச் சந்திப்பில் போய் நில்லுங்கள். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், எத்தனை பேர் இறங்கிக் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். வண்டிகளை எண்ண வேண்டாம். சந்தை நாளைத் தனியாக எண்ணுங்கள்.

உங்கள் பொருளுக்கு ஒரு குடும்பம் மாதத்தில் எத்தனை முறை வரும் என்று கணக்குப் போட்டு, அத்தனை குடும்பம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தச் சந்திப்புக்கு எத்தனை கால்கள்? விவசாயம், ஆலை, கல்லூரி, சந்தை, எல்லை இவற்றில் ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

அதே தொழிலில் இன்னொரு கடை இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மூன்று ஹார்டுவேர் கடை ஒன்றாக இருந்தால், விலை ஒப்பிடலாம் என்று தூரத்துக்காரரும் அங்கே வருவார். ஆனால் கூட்டம் பங்கிடும் அளவு இருக்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். கொம்யூன் பஞ்சாயத்து உரிமம், உணவுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, மின் இணைப்பு ரசீது எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். நெடுஞ்சாலை அளவுக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். முதலுக்கு வட்டிக்கு ஓடாமல், குடும்பத்துக்குள் கூட்டுச் சேர்ந்தால், லாப நட்டப் பங்கையும் எழுதி வையுங்கள்.

கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாத காரியமும் ஒன்று இருக்கிறது. நம் கிராமச் சந்திப்புகள் பலவற்றில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. குடிக்கத் தண்ணீர் காசு கொடுத்துத்தான் கிடைக்கிறது. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் கொடையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். சந்திப்பில் பள்ளிவாசல் உள்ள ஜமாஅத்துகள், அங்கே கடை வைத்திருக்கும் நம்மவர்கள், மற்ற சமூகத்து வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்தால், எந்த மதத்தவரும் பயன்படுத்தும்படி ஒரு குடிநீர்த் தொட்டியும் சுத்தமான கழிப்பறையும் பெரிய செலவல்ல. வழிப்போக்கருக்கு அது உதவி, செய்பவர்களுக்கு நன்மை. அங்கே நிற்கத் தயங்கிய பெண்களும் இனி நின்று வாங்கிப் போவார்கள்.